கைகோக்கும் தலைநகரங்கள், காணி கேட்கும் அப்புத்தளை

இந்தியாவும் இலங்கையும் நெருங்கி வருகின்றன. ஒப்பந்தம், கடனுதவி, மின்தொடர்பு, கப்பல் என்று பேச்சு நீள்கிறது. இரு நாட்டையும் இரத்தத்தால் இணைத்த ஊவாத் தோட்ட மக்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

காலையிலேயே அப்புத்தளையிலிருந்து ஆட்டோக்கள் புறப்பட்டுவிடுகின்றன. தம்பேதன்னத் தொழிற்சாலையைத் தாண்டித் தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறினால் லிப்டன் சீட். நேரம் ஏற ஏறப் பனிமூட்டம் எழுந்து பள்ளத்தாக்கை மூடிவிடும். அதனால் வருகிற எல்லோருக்கும் அவசரம். உச்சியில் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் சிலையாக வாங்கில் அமர்ந்திருக்கிறார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவர் அருகில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கின்றன. கீழ்ச் சரிவில், நெற்றியில் கயிறு இழுக்க, முதுகில் கூடை கனக்கப் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள்.

படம் எடுக்க வந்தவருக்கும் கொழுந்து எடுப்பவருக்கும் ஒரே மொழி. "அம்மா, எந்த ஊர்?" என்று விசாரித்தால், மூத்தவர்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று இன்னோர் ஊரையும் சேர்த்துச் சொல்வார்கள். தாத்தா சொல்லக் கேட்ட ஊர். பெரும்பாலானோர் கண்ணால் பார்த்ததில்லை.

2024ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் ஐந்தில் ஒருவர் இந்தியர். எண்ணிக்கை 4 லட்சத்து 16 ஆயிரத்துக்கு மேல். அப்புத்தளை, எல்ல, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் அவர்களின் பட்டியலில் இருக்கின்றன. இரு நாட்டு உறவு வளர்கிறது என்பதற்கு இந்த மலை உச்சியிலேயே சாட்சி உண்டு. ஆனால் அந்த உறவின் பலனை அளக்க வேண்டிய இடம் உச்சி அல்ல; கொழுந்துக்காரப் பெண் மாலையில் திரும்பிப் போகும் லயக்காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறை.

பண்டாரவளையில் ஒரு நாள்

அப்புத்தளைக்கு அடுத்த பெரிய ஊர் பண்டாரவளை. 2025 அக்டோபர் 12 அன்று அங்கே நடந்த விழாவில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைச் சான்றிதழ்களை வழங்கினார். பயனாளிகள் 2,000 பேருக்கு மேல். இந்திய உயர் ஸ்தானிகர் சந்தோஷ் ஜா மேடையில் இருந்தார். இந்திய நன்கொடையில் கட்டப்படும் 10,000 வீட்டுத் திட்டத்தின் பகுதி இது.

அந்தத் திட்டத்தின் வயதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017 மே மாதம் நோர்வுட் மைதானத்தில் திரண்ட மலையக மக்கள் முன் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தது இது. அதே பயணத்தில்தான் டிக்கோயா கிளங்கன் மருத்துவமனைக் கட்டடத்தையும் திறந்துவைத்தார். மருத்துவமனை உடனே பயனுக்கு வந்தது. வீடுகளுக்கு அடிக்கல் நாட்ட 2024 ஆனது. பண்டாரவளைச் சான்றிதழ் வர 2025 முடியப்போகும் காலம். இடையில் கொழும்பில் ஜனாதிபதிகள் மாறினார்கள், பொருளாதாரம் விழுந்தது, கட்டுமானப் பொருள்களின் விலை பல மடங்கு ஏறியது. காரணங்கள் உண்மைதான். ஆனால் 2017இல் நோர்வுட்டில் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை இன்றைக்குப் பள்ளியில் பெரிய வகுப்புக்குப் போய்விட்டது. அது படிப்பது பல இடங்களில் இன்னும் அதே பத்தடிக் காம்பராவின் வெளிச்சத்தில்தான்.

■ பெட்டிச் செய்தி: மலையகத்தில் இந்திய உதவி
1947: தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி அறக்கட்டளை, உதவித்தொகை இன்றும் தொடர்கிறது.
2016: 4,000 வீடுகள் கொண்ட திட்டம் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் தொடக்கம். அதே ஆண்டில் '1990' என்ற அழைப்பு எண் கொண்ட சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை மேல், தென் மாகாணங்களில் தொடக்கம். 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் விரிவு.
2017: மேலும் 10,000 வீடுகள் அறிவிப்பு.
2023: மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, 75 கோடி இந்திய ரூபாய் மதிப்பிலான உதவித் தொகுப்பு அறிவிப்பு.

தலைக்கு மேல் நடந்த பேரம்

பழைய கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் இன்றைய கோரிக்கை புரியாது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1869இல் கோப்பியில் நோய் விழுந்தது. அதன்பின் மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1890இல் லிப்டன் இலங்கைக்கு வந்து தம்பேதன்ன உட்பட அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களை வாங்கினார். உழைத்தவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் ஒரே வீச்சில் நாடற்றவர் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30. புது டில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கணக்கில் வந்தவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அன்றைக்கு டில்லியும் கொழும்பும் இதை நல்லுறவின் வெற்றி என்றுதான் கொண்டாடின. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தோட்ட மக்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் எதிர்த்தும் பலனில்லை.

அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை நிலையங்களில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டு, தம்பி இலங்கைப் பிரஜை என்று ஒரே லயத்தில் குடும்பம் இரண்டானது. வழியனுப்ப வந்த உறவினர்கள் மேடையில் புரண்டு அழுததால் அந்த இரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 4 லட்சத்து 60 ஆயிரம் பேர் இப்படி இந்தியா போனார்கள். 1984இல் போரினால் கப்பல் நின்றது. நாடற்ற நிலைக்குச் சட்டப்படி முடிவு கட்ட 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. 55 ஆண்டுகள்!

இரு அரசுகளின் உறவு எவ்வளவு நல்லபடியாக இருந்தாலும், இந்த மக்கள் அதில் பேச்சுப் பொருளாக மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1964 போதும். இன்றைக்கு நெருக்கம் கூடும்போது இந்த எச்சரிக்கை முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

வீடு வந்தது, காணி எங்கே?

வீட்டுத் திட்டத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். பத்தடி அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு 550 சதுர அடியில் தனி வீடு, குளியலறை, கூரை என்றால் அது பெரிய மாற்றம். மருமகளுக்கு ஒரு கதவு கிடைக்கிறது. வயதுப் பிள்ளைக்கு ஒரு மூலை கிடைக்கிறது. ஆனால் வீட்டுச் சான்றிதழும், நிலத்தின் உரிமைப் பத்திரமான காணி உறுதியும் ஒன்றல்ல.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், தோட்ட நிலம் 1970களில் அரசுடைமை ஆனது. 1992இல் அதன் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பின் நீண்ட காலக் குத்தகை ஆனது. ஒரு தொழிலாளிக்கு 7 பேர்ச் அல்லது 10 பேர்ச் காணி கொடுக்க வேண்டுமானால், குத்தகையிலிருந்து அந்த நிலம் விடுவிக்கப்பட வேண்டும், அளக்கப்பட வேண்டும், பதியப்பட வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓர் அலுவலகம். காசை டில்லி தரலாம். இந்தப் படிகளைக் கொழும்புதான் ஏற வேண்டும்.

உறுதி இல்லாத வீட்டை வங்கியில் ஈடு வைக்க முடியாது. ஒரு சில்லறைக் கடை போடவோ, பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பவோ கடன் கிடைக்காது. வீட்டில் யாரும் தோட்ட வேலைக்குப் போகாவிட்டால் இருக்க விடுவார்களா என்ற பயம் போகாது. கூலிக் கணக்கைப் பாருங்கள்: 2026 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு 1,750 ரூபாய். அதில் 1,550 சம்பளம், 200 அரசு தரும் வருகைக் கொடுப்பனவு. காலை ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய், நிர்ணயித்த கிலோ எடுத்து, முழு நாள் கூலியான முழுப்பேர் விழுந்தால்தான் அதுவும். மழைக்காலத்தில், கொழுந்து இல்லாத மாதத்தில் அரைப்பேர். இந்த வருமானத்தில் காணி வாங்குவது நடக்காத காரியம். அதனால்தான் படித்த பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள்; லயத்தில் தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் மிஞ்சுகிறார்கள்.

தோட்டங்கள் நாட்டின் நிர்வாகத்துக்கே வெளியில் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டத்துக்குள் ஒரு ரோடு போடக்கூடச் சபைகள் தம் விருப்பப்படி செலவழிக்க முடியாதிருந்தது. வாக்கு வாங்கிப் போன உறுப்பினர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இன்றும் பல லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்த்தான் வரும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தேதி கடந்து கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் நிறைய உண்டு. உறுதியில் எழுதப்படும் எண் அந்த வீட்டுக்கு முகவரியும் ஆகும்.

மலை சரியும் பயம்

2014 அக்டோபர் 29 காலை, அப்புத்தளைக்குக் கிழக்கே கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் 50ஆம் ஆண்டு நிறைவுக்கு முதல் நாள் அது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று அன்றைக்குச் சிலர் கேட்டார்கள். போக அவர்களுக்கு ஏது காணி? 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி சரிவு. வீடிழந்த குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நெடுங்காலம் காலம் தள்ளின.

பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். நாடு முழுக்க 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் அடி மிகக் கடுமை. மலையக இரயில் பாதை துண்டு துண்டானது; வீதிகள் அடித்துச் செல்லப்பட்டன.

இந்தியா அந்த வேளையில் ஓடி வந்ததை ஊவா மக்கள் மறக்க மாட்டார்கள். கொழும்புத் துறைமுகத்தில் நின்ற இந்தியக் கடற்படைக் கப்பல்களே முதல் நிவாரணத்தை இறக்கின. 'சாகர் பந்து' என்ற பெயரில் விமானங்களும் ஹெலிகொப்டர்களும் வந்தன. பதுளை மாவட்டத்து மகியங்கனையில் இந்திய இராணுவம் கள மருத்துவமனை போட்டது. ஆயிரக்கணக்கானோர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். கொழும்பு வந்த இந்திய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் டிசம்பர் 23 அன்று 45 கோடி டொலர் மீட்பு உதவியை அறிவித்தார்.

■ பெட்டிச் செய்தி: 45 கோடி டொலர்
சலுகை வட்டிக் கடன்: 35 கோடி டொலர்.
நன்கொடை: 10 கோடி டொலர்.
பயன்படும் துறைகள்: வீதி, இரயில், பாலங்கள், முழுதாகவும் பகுதியாகவும் சேதமான வீடுகள், மருத்துவமும் கல்வியும், விவசாயம், அனர்த்த முன்னேற்பாடு.
முன்னைய துணை: 2022 நெருக்கடியில் ஏறத்தாழ 400 கோடி டொலர் இந்திய ஆதரவு. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு அரிசி, பால்மா, மருந்துகளைக் கப்பலில் அனுப்பியது.

அப்புத்தளைக்கு இந்தத் தொகையில்தான் உண்மையான வாய்ப்பு இருக்கிறது. சேதமான வீட்டுக்கு இழப்பீடு என்பது சொந்தக் காணியும் பத்திரமும் உள்ளவருக்கு எளிது. லயக்காம்பரா கம்பனியின் குத்தகைச் சொத்து. அதில் இருந்தவருக்கு எந்தப் பத்திரமும் இல்லை. படிவத்தில் 'உரிமையாளர்' என்ற கட்டத்தில் அவர் யார் பெயரை எழுதுவார்? இந்த ஒரு கட்டத்தினாலேயே மலையகக் குடும்பங்கள் பட்டியலிலிருந்து நழுவும் ஆபத்து இருக்கிறது. வீடமைப்புக்கென்று வரும் இந்தியப் பணத்தில், ஆபத்தான சரிவில் இருக்கும் லயங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று இரு அரசுகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய மண்ணிலேயே புது லயம் கட்டுவது அடுத்த மழைக்கு ஆளைத் தயார்ப்படுத்துவதாகவே முடியும்.

தேயிலைக்கு இரு கரை

வணிகத்துக்கு வருவோம். இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தானது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை சலுகைத் தீர்வை உண்டு. ஆனால் இலங்கைத் தேயிலையின் பெரிய சந்தைகள் ஈராக், ரஷ்யா, அமீரகம், துருக்கி பக்கம்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போது ஊவாக் கொழுந்துக்கு ஏறும் அந்தத் தனி வாசம் உலக ஏலத்தில் பேர் பெற்றது. கடல் தாண்டினால் உள்ள சென்னையில் அதைத் தேடி வாங்குபவர் குறைவு.

இதில் ஒரு நெருடலும் உண்டு. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்த் தேயிலையில் வேலை செய்வோரில் கணிசமானவர்கள் ஒப்பாரிக் கோச்சியில் போனவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு 'டான்டீ' தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. இலங்கைத் தேயிலை வந்தால் பச்சைத் தேயிலை விலை விழும் என்ற அச்சம் நீலகிரியில் இருக்கிறது. அங்கேயும் ஓய்வு பெற்றவர்கள் தோட்ட வீட்டை விட்டு எங்கே போவது என்று தவிக்கிறார்கள். ஒரே குடும்பத்தின் இரு கிளைகள். கடலுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே வீட்டுக் கேள்வி.

எட்கா என்ற பெயரில் விரிவான பொருளாதார ஒப்பந்தத்தைப் பற்றி இரு அரசுகளும் ஆண்டுக்கணக்காகப் பேசி வருகின்றன. அதில் தேயிலை வரும்போது ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் குரல் மட்டும் கேட்டால் போதாது. ஊவாவின் தரத் தேயிலை விலைகூடிய பொதியாகப் போனால் நீலகிரியின் தூள் தேயிலையோடு மோத வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மலிவுத் தேயிலையைக் கொட்டுவதென்றால் இரு கரைத் தொழிலாளியின் கூலியும்தான் அமுங்கும். இந்த வேறுபாட்டைப் பேச்சுவார்த்தை மேசையில் சொல்லத் தொழிற்சங்கங்களுக்கு ஓர் இருக்கை வேண்டும்.

கப்பல், விமானம், மின்கம்பி

2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது 7 உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. மின்தொடர்பு, பாதுகாப்பு, திருகோணமலை எரிசக்தி மையம் அவற்றில் அடக்கம். சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடங்கியது. பெரிய திட்டங்கள், நாட்டுக்குத் தேவையானவை. அப்புத்தளைக்கு நேரடியாகப் படுவது இவற்றை விடச் சிறிய விஷயங்கள்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டது. யாழ்ப்பாணத்துக்கு அது நல்ல வழி. ஊவாவிலிருந்து வடக்கே ஏறிக் கப்பல் பிடிப்பதை விடக் கொழும்பு போய் விமானம் ஏறுவது எளிது. ஆனால் கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்தக் கட்டணம் எட்டாது. பழைய தலைமன்னார்–இராமேஸ்வரம் வழி திரும்பினால், பதுளைக் கோச்சியில் ஏறி உறவைப் பார்க்கப் போகும் பயணம் மீண்டும் கைக்கு எட்டும். கொடைக்கானலிலோ வால்பாறையிலோ இருக்கும் சித்தப்பாவின் சாவுக்கு இங்கிருந்து ஒருவர் போய்ச் சேர முடியுமா என்பதிலும் நல்லுறவு இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. போரில் தமிழ்நாட்டுக்குப் போய் முகாம்களில் இருப்போரில் இந்திய வம்சாவளியினரும் கணிசமாக இருக்கிறார்கள். 1964 ஒப்பந்தப்படியே இந்தியப் பிரஜையாகியிருக்க வேண்டியவர்களும் அவர்களுள் உண்டு. 2025 செப்டம்பரில் இந்திய உள்துறை அமைச்சு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்ல முதல் படி. ஆனால் விலக்கு என்பது குடியுரிமை அல்ல.

■ பெட்டிச் செய்தி: ஊவாவின் குரல்
2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவானார்கள். நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் இவர்கள்.

செய்ய வேண்டியது

1964இல் இல்லாத ஒன்று இன்றைக்கு இருக்கிறது: இந்த மக்களின் கையில் வாக்கு இருக்கிறது, அவர்களின் பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார்கள். ஆகவே டில்லியும் கொழும்பும் அடுத்த முறை அமரும்போது மலையகத்தைப் பற்றி மலையகம் இல்லாமல் பேசக் கூடாது. வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியலை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தமிழில் ஒட்டுங்கள். கட்சி பார்த்துப் பெயர் சேர்ந்தது, பெயர் போனது என்ற முறைப்பாட்டுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. கட்டி முடிக்கும் ஒவ்வொரு வீட்டோடும் காணி உறுதியைக் கொடுங்கள். அதில் மனைவியின் பெயரும் இருக்கட்டும், கூடை சுமந்தது அவள். டித்வா நிதியில் அப்புத்தளை, ஹல்துமுல்லை, பசறை, லுணுகலை மலைச் சரிவுகளில் ஆபத்தில் இருக்கும் லயங்களை முதல் வரிசையில் வையுங்கள்.

தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2022இல் பசித்த இலங்கைக்கு அரிசி அனுப்பிய கை, நீலகிரியில் இருக்கும் தாயகம் திரும்பியோருக்கும் ஓய்வுக்குப் பிறகு நிற்க ஒரு மனை கொடுக்க வேண்டும்.

பண்டாரவளையில் சான்றிதழ் வாங்கிய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாளை மாட்டி வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பிரதேச செயலகத்துக்குப் போய், "எங்கள் காணி அளக்கப்பட்டதா, உறுதி எப்போது வரும்?" என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இலங்கையில் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம்.